மாத்திரைக்கு ஒரு நாள் கூலி!

சென்ற திங்கள் நடைபெற்ற ஒரு பொதுக்கூட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம். பேசியவர் பெயரும் வேண்டாம். நம்மவர், நம் மேடை, அது போதும். மாற்றுக் கட்சித் தலைவர் ஒருவரின் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பிய்த்தெறிந்து, முடிவில் நண்பர் சொன்னார்: "இவரை எதிர்க்கத் தேர்தல் எதற்கு? கீழ்ப்பாக்கத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போதாதா?" கையொலி கூரையைப் பிளந்தது. மேடையிலிருந்த நாமும் சிரித்தோம். மறைப்பானேன்? வாய்விட்டே சிரித்தோம்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நாம் பார்த்தோம், பார்த்ததை உடனே மறந்தோம்.

மறுநாள் காலை அவர் நமது அலுவலக வாயிலில் நின்றார். அங்காடியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. இருபது ஆண்டுகளாகத் தோள் தேய உழைப்பவர். கொடியேற்று நாளென்றால் கம்பம் நட முதலில் வருபவர். தேர்தலென்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வாளியோடு வருபவர். இதுவரை நம்மிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் கூடக் கேட்காதவர்.

"தம்பி, கோவிச்சுக்கிட்டு வரலே. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நேத்துக் கீழ்ப்பாக்கம்னு சொல்லிச் சிரிச்சீங்களே, அங்கேதான் என் மகன் ரெண்டு மாசம் இருந்தான். இருந்து, குணமாகித்தான் வந்தான். இதிலே சிரிக்க என்ன இருக்கு?"

பதில் சொல்ல நம்மிடம் ஏதுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள் அண்ணே" என்றோம். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அவர் சொன்னதைத்தான் இன்று எழுதுகிறோம்.

மகனுக்கு வயது இருபத்து மூன்று. மனச்சிதைவு என்று மருத்துவர் பெயர் சொன்னார். மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருக்கிறான்; சைக்கிள் கடையில் வேலைக்குக் கூடப் போகிறான். ஆனால் அந்த மாத்திரை பக்கத்தில் கிடைப்பதில்லை. அருகிலிருக்கும் மருத்துவ நிலையத்தில் கேட்டால், இருப்பு இல்லை, அடுத்த வாரம் வா என்பார்கள். அடுத்த வாரம் போனால் எழுதித் தரும் மருத்துவர் இல்லை என்பார்கள். ஆகவே திங்களுக்கு ஒரு முறை, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, பெரிய ஊருக்குப் போக வேண்டும். மகனைத் தனியே அனுப்ப மனம் வராது, தகப்பனும் போகிறார். இரண்டு ஆள் பேருந்துக் கட்டணம், ஒரு வேளைச் சோறு, இருவருக்கும் அன்றைய கூலி போச்சு. "மாத்திரை இனாம்தான் தம்பி. அந்த இனாமை வாங்கியாறதுக்குத்தான் ஒரு நாள் கூலி ஆவுது" என்றார்.

மழைக் காலத்தில் இரண்டு திங்கள் போக முடியவில்லை. அங்காடியில் வேலை குறைந்த நேரம், கையில் காசில்லை. மாத்திரை நின்றது. நோய் திரும்பியது. "விட்ட இடத்திலே தொடங்கலே தம்பி, அதுக்கும் முன்னாலே போயிட்டான்."

இதைக் கேட்டபின் முந்தின இரவு சிரித்த சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சாதியைச் சொல்லி ஒருவனை இழிவு செய்தால் சீறி எழுகிறோம். ஏழ்மையைச் சொல்லி ஏளனம் செய்தால் கொதிக்கிறோம். நோயைச் சொல்லி இழிவு செய்தால் மட்டும் கை தட்டுகிறோமே, இது எந்த ஊர்ப் பகுத்தறிவு? காசநோய்க்காரனைக் காட்டி மேடையில் யாராவது நகைப்பார்களா? நீரிழிவுக்காரனைப் பார்த்துக் கேலி பேசுவார்களா? இதயம் நோயுற்றால் இரக்கம், மூளை நோயுற்றால் எகத்தாளம்! தலைக்குள்ளே இருப்பதும் உடலின் ஓர் உறுப்புத்தானே, ஐயா!

கீழ்ப்பாக்கம் என்ற அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1794ஆம் ஆண்டு, கும்பெனியார் ஆட்சியில், சென்னையில் தோன்றிய நிலையம் அது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் பெயர்ந்தது. பித்தர்களை ஊர்க் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்து வைக்கும் மதிற்சுவர், அவ்வளவுதான் அன்று. 1912இல் வெள்ளைக்காரன் செய்த சட்டத்தின் பெயரே 'லூனசி' சட்டம். நோயாளியை மருத்துவரிடம் சேர்ப்பதற்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும் என்ற காலம். நோயாளியா குற்றவாளியா என்றே விளங்காத ஏற்பாடு. அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் போன பிறகும் நாற்பது ஆண்டுக்கு மேல் உயிரோடிருந்தது என்பது வேறு கதை.

அந்த மதிலுக்குள்ளே ஒரு பெண்மணி போனார். டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை அந்த நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அடைத்து வைக்கும் இடத்தை ஆற்றி அனுப்பும் இடமாக மாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென்று 'ஸ்கார்ஃப்' என்னும் அமைப்பு தோன்ற முன்னின்றார். 2021இல் மறைந்தார். நம் மேடைகளில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரித்த நாள்களில் எல்லாம், அந்த அம்மையார் அங்கே யாரோ ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் என்று எண்ணும்போது நமக்கு வெட்கமாயிருக்கிறது.

சிலர் கேட்கக்கூடும்: ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு நோய், அதற்கா ஒரு தலையங்கம் என்று. ஒரு வீடா? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல், தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்று கண்டது. பத்து வீடுகள் கொண்ட சிறு சந்தில் கூட ஒரு வீட்டுக் கதவாவது இந்தத் துயரத்தின் மேல் சாத்தியிருக்கிறது என்று பொருள். நாடு முழுவதும் 15 கோடிப் பேருக்கு மருத்துவ உதவி தேவை என்று கணக்கிட்டது. அவர்களில் சிகிச்சை பெறாதோர் எவ்வளவு? நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 வரை! சிகிச்சை பெறுகிறவர்களோ, மருந்துக்கும் போக்குவரத்துக்குமாகத் திங்கள்தோறும் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கைப்பணம் செலவிடுகிறார்கள் என்றும் அதே ஆய்வு சொல்லிற்று. நம் அங்காடித் தோழர் அந்த ஆய்வைப் படித்ததில்லை. ஆய்வாளர்கள் அவரைப் பார்த்ததுமில்லை. கணக்கு மட்டும் ஒத்துப்போகிறது.

சிகிச்சை எட்டாத இடத்தில் என்ன நடக்கும்? அதையும் நாடு கண்டது. கண்டு, சில நாள் கண்ணீர் வடித்து, மறந்தும் போயிற்று.

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் பல. அவற்றில் ஒன்றில், விடியுமுன்னே தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளேயிருந்தவர்கள் மனநோயாளிகள். கால்களில் சங்கிலி. கதவு திறந்திருந்தும் ஓட முடியாதவர்கள்! 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்துக்குள் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது.

யார் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது? பெற்றவர்கள். உடன்பிறந்தவர்கள். கல் நெஞ்சரா அவர்கள்? அல்ல, அல்ல. மருத்துவமனை எங்கேயிருக்கிறது என்று தெரியாதவர்கள். தெரிந்தாலும் போகக் காசில்லாதவர்கள். போனாலும் என்ன சொல்வார்களோ என்று அஞ்சியவர்கள். வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள், அண்ணனுக்கு இப்படி என்று தெரிந்தால் வரன் வராதே என்று நடுங்கியவர்கள்.

இந்த இடத்தில் பகுத்தறிவாளராகிய நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தர்காவுக்குப் போகிறவரையும், குணசீலத்துக்குப் போகிறவரையும், மந்திரவாதியைத் தேடிப் போகிறவரையும் மேடையில் நையாண்டி செய்வது எளிது, நாமும் செய்திருக்கிறோம். பேய் பிடித்தது என்பது பொய், வேப்பிலை அடித்தால் மூளை நோய் போகாது என்பதில் நமக்கு இம்மியளவும் ஐயமில்லை. ஆனால் அந்தத் தாய் ஏன் அங்கே போகிறாள் என்று எண்ணிப் பார்த்தோமா? அங்கே வாயிற்கதவு இரவும் பகலும் திறந்திருக்கிறது. சீட்டு வாங்க வேண்டாம். மருத்துவர் விடுப்பு என்று சொல்வாரில்லை. அழுதால் பக்கத்திலே இன்னொருத்தி சேர்ந்து அழுகிறாள். நமது அரசாங்க மருத்துவ நிலையம் இவற்றில் எதைத் தருகிறது? மூடநம்பிக்கையை முறியடிக்க ஆயிரம் மேடை போட்டோம், நல்லது. அதோடு ஓர் அலமாரி நிறைய மாத்திரையும் அதைக் கொடுக்க ஓர் ஆளும் ஊருக்கு ஊர் இருந்திருந்தால், பாதி மேடை தேவைப்பட்டிராது. ஏர்வாடியிலேயே பின்னாளில் தொழுகை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அரசின் மனநல மருத்துவர் வந்து உட்கார்ந்தார். தொழுகைக்கு வந்தவர் மாத்திரையும் வாங்கிப் போனார். நாம் அதை வரவேற்கிறோம். கொள்கையில் சமரசம் என்று யாரேனும் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்; சங்கிலியில் கிடப்பவன் மீள்வது நமக்குப் பெரிது.

மருந்து இல்லாத நோயும் அல்ல இது. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் லித்தியம் என்ற உப்பின் பயனைக் கண்டார். 1952இல் பாரிசில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனச்சிதைவுக்குப் பயன்பட்டது. அதற்குப் பின் எத்தனையோ மருந்துகள். பலவற்றின் விலை, ஒரு நாளைக்கு ஒரு தேநீரின் விலையை எட்டாது. எழுபது ஆண்டுக்கு முன் பாரிசில் பிறந்த மருந்து, நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரிக்கு வந்து சேர இன்னும் எத்தனை பேருந்து மாற வேண்டுமோ!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல சட்டமே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடப்புக்கு வந்தது. தோழர்களே, அதில் உள்ள சில பகுதிகளை நீங்கள் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அதன் 18ஆவது பிரிவு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர், வீடற்றவர், ஆதரவற்றவர் ஆகியோர்க்குக் கட்டணமே கூடாது என்கிறது. மாவட்டத்துக்குள் குறைந்தபட்ச அரசுச் சேவை கிடைக்கவில்லையானால், அந்த மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது. சங்கிலியிடுவதை 95ஆவது பிரிவு அடியோடு தடுக்கிறது. உடல் நோய்க்குக் காப்பீடு உண்டென்றால் மன நோய்க்கும் உண்டு என்கிறது 21ஆவது பிரிவு.

இவற்றையெல்லாம் விட நம் கண்ணை உறுத்துவது 31ஆவது பிரிவு. உலகம் ஏற்றுக்கொண்ட அளவுக்கு மனநலப் பணியாளர் எண்ணிக்கையை உயர்த்த, சட்டம் நடப்புக்கு வந்த பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்கிறது அது. பத்தாண்டு எப்போது முடிகிறது? 2028 மே திங்களில்! நாள் குறித்தாகி விட்டது; மாப்பிள்ளையைத்தான் காணோம்.

கணக்கைப் பாருங்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2023இல் தந்த அறிக்கையில், லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்றது. இருக்க வேண்டியது 3 என்றது. 20 லட்சம் மக்கள் வாழும் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், இந்தச் சராசரிப்படி 15 மருத்துவர், வேண்டியது 60. அந்தப் பதினைந்தாவது சரியாகப் பங்கிடப்பட்டிருக்கிறதா? பெரிய நகரத்தில் பெயர்ப்பலகைக்குப் பெயர்ப்பலகை. சிற்றூரில் பெயருக்குக் கூட இல்லை. மருத்துவரைக் குறை சொல்லவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து பகல் ஒரு மணிவரை 240 நிமிடம். வாயிலில் 80 பேர் நின்றால் ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் முடி வெட்டிக்கொள்ளக்கூட முடியாது. ஒருவனுடைய உள்ளத்தை எப்படி ஐயா கேட்பது? "தூக்கம் வருதா? சாப்பிடுறானா? அதே மாத்திரை." அடுத்தவர்!

மருத்துவர் ஒருவரால் மட்டும் ஆகிற வேலையும் அல்ல இது. மாவட்ட மனநலத் திட்டம் என்று 1996இல் ஒன்று தொடங்கினார்கள். நாட்டிலேயே முதல் நான்கு மாவட்டங்களில் நமது திருச்சியும் ஒன்று. அந்தத் திட்டத்தின்படி ஒரு மாவட்டத்துக்கு மனநல மருத்துவரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர், பயிற்சி பெற்ற செவிலியர் எல்லாரும் உண்டு. தாளில் உண்டு. இந்தப் பணியிடங்களில் பெரும்பாலானவை ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படுபவை. ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு வருமா வராதா என்று எதிர்பார்த்திருக்கும் பிழைப்பு. நல்ல வேலை வேறெங்கும் கிடைத்தால் போய்விடுகிறார்கள், இடம் காலியாகிறது, நோயாளி தன் கதையைப் புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மனத்துக்கு நிம்மதி தர வேண்டியவருக்கே மறு திங்கள் சம்பளம் நிச்சயமில்லை! தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தக் கூலி என்றால் என்ன என்பதை அவர்கள் தோலிலே அறிந்தவர்கள். இந்தப் பணியாளர்களின் போராட்டமும் உங்கள் போராட்டம் என்று மட்டும் சொல்கிறோம்.

பணம்? அதைக் கேட்டாலே ஆளவந்தார்களுக்குக் காது மந்தமாகிவிடும். ஒன்றிய அரசின் சுகாதார வரவு செலவுத் திட்டத்தில் மனநலத்தின் பங்கு நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற அளவிலேயே இருந்து வந்திருக்கிறது. அந்த ஒரு ரூபாயிலும் பெரும்பகுதி பெருநிறுவனங்களுக்குப் போய்விடுகிறது. பெருநிறுவனங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. நிம்ஹான்ஸ் இல்லையேல் மேலே சொன்ன கணக்கே நமக்குக் கிடைத்திராது. ஆனால் கோபுரத்துக்குப் பொன் பூசிவிட்டுக் குடிசைக்கு ஓலை இல்லை என்றால் யார் ஒப்புவது?

முடியாது என்கிறார்களே, முடித்துக் காட்டியவர்கள் இல்லையா? 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர், நோயாளியின் குடும்பத்தாரையும் அழைத்து வந்து மைதானத்தில் கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். தாயும் தமையனும் கூட இருந்து பார்த்துக்கொள்ள, விரைவில் வீடு திரும்பினார்கள் நோயாளிகள். நம் வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல நிலையமும் குடும்பத்தாரை உடன் தங்க வைத்தே சிகிச்சை செய்தது. 1993இல் சென்னையில் இரண்டு இளம்பெண்கள், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக 'பானியன்' என்ற இல்லம் தொடங்கினார்கள். கோவாவில், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் அவர்கள் மனச்சோர்வுற்றவர்களுக்கு உதவியபோது, அரசு நிலையங்களில் குணமடைந்தோர் அதிகம் என்று 2010இல் ஆய்வு வெளிவந்தது.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாடு. மனநல மருத்துவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? பாட்டிமார்களைக் கூப்பிட்டார். பயிற்சி கொடுத்தார். மருத்துவ நிலைய வாசலிலே ஒரு மர பெஞ்சு போட்டார். வருகிறவர் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து மனத்தைத் திறந்து சொல்ல வேண்டும். பாட்டி கேட்டு, வழி காண உதவ வேண்டும். 2016இல் வெளிவந்த ஆய்வு, அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் துயரம் குறைந்ததாகவே காட்டிற்று. நம்மூர்த் திண்ணையில் பாட்டிகளுக்கா பஞ்சம்? மருத்துவர்க்குப் பதில் பாட்டி போதும் என்று எந்த நிதியமைச்சரும் மகிழ்ந்துவிட வேண்டாம். கடும் நோய்க்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். கேட்கும் காது ஒன்று முதல் வாசலில் இருக்க வேண்டும் என்பதற்கே இதைச் சொன்னோம்.

தமிழகத்துக்கு இது பெரிய காரியமுமல்ல. மருந்து வாங்கிக் கிடங்கில் சேர்த்து ஊரூராக அனுப்ப 1994இல் தனிக் கழகம் கண்ட மாநிலம் இது. 2021இல் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை நோயாளியின் வீடு தேடிப் போகும் என்று வழி திறந்த மாநிலம் இது. சர்க்கரை மாத்திரை படியேறி வரும்போது, மனச்சிதைவு மாத்திரை மட்டும் ஏன் இரண்டு பேருந்துக்கு அப்பால் நிற்க வேண்டும்? அந்தப் பையில் இன்னும் நாலு வகை அட்டை வைக்க இடமில்லையா? இதுதான் நம் முதற் கோரிக்கை. ஒரு முறை மருத்துவர் பார்த்து முடிவு செய்துவிட்டால், தொடர்ந்து வேண்டிய மாத்திரை அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறாமல் இருக்க வேண்டும். நடக்க முடியாதவர்க்கும் வரமறுப்பவர்க்கும் வீட்டுக்கே போக வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது வட்டார மருத்துவமனையில் மனநல மருத்துவர் உட்கார வேண்டும். அந்த நாள் எது என்று வாசலில் எழுதிப் போட வேண்டும். மற்றவை பிறகு.

ஆலையிலும் அங்காடியிலும் கட்டடத்திலும் உழைக்கும் தோழர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கில், நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் தினக் கூலிகள். நாலில் ஒருவர் நம் ஆள்! தமிழகத்தில் மட்டும் 19,834 பேர். மாநிலங்களில் இரண்டாவது இடம். கடனும் வேலையின்மையும் குடும்பத் துயரும் இதில் கலந்திருக்கின்றன. கூலி உயர்வும் வேலைப் பாதுகாப்பும் இதற்கும் மருந்துதான். ஆயினும் நோய் ஒன்று உள்ளே புகுந்திருந்தால் அதையும் பார்த்தாக வேண்டும். ஆண்பிள்ளைக்கு மனச்சோர்வு வந்தால் அவன் அழுவதில்லை. எரிந்து விழுகிறான். முதுகு வலி, தலை பாரம் என்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மோட்டைப் பார்த்துக் கிடக்கிறான். தூக்கத்துக்கென்று குடிக்கிறான், குடி அந்தச் சோர்வை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுகிறது. பக்கத்தில் வேலை செய்யும் தோழன் இப்படி மாறிவிட்டானென்றால், "என்னப்பா, மனசு சரியில்லையா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் கெடுதி வராது. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை அது. போலீஸ் வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சித் தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாத வீடுகள் உண்டு. 2017 சட்டமே அத்தகையவரைத் தண்டிக்கலாகாது, கவனித்துப் பேண வேண்டும் என்றது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவே இல்லை. அச்சம் வேண்டாம்.

இனி நம் வீட்டு வேலை. ஒவ்வொரு படிப்பகத்துச் சுவரிலும் 14416 என்ற எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் அல்ல, வண்ணத்தால் எழுதுங்கள். உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் சென்று, மன நோய்க்கு என்னென்ன மாத்திரை இருப்பில் இருக்கிறது என்று பணிவோடு கேளுங்கள். செவிலியரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் பட்டியல் போட்டு அனுப்புபவரே தவிர, பணம் ஒதுக்குபவர் அல்லர். இல்லை என்றால் கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். 18ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஆலைத் தோழர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இதே கேள்வியைச் சங்கத்தின் சார்பில் கேட்கட்டும். குணமாகியும் வீட்டார் வந்து அழைத்துக்கொள்ளாததால் மருத்துவமனையிலேயே கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய் முகவரி கொடுத்துவிட்டுப் போன குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், ஊர் உங்களை ஒதுக்காது, நாங்கள் இருக்கிறோம் என்று அந்த வீட்டாரிடம் சொல்ல ஒரு கழகத் தோழன் போதும்.

மேடைக்கும் ஒரு விதி. பைத்தியக்காரன், கிறுக்கன், கீழ்ப்பாக்கம் என்ற சொற்கள் இனி இந்த ஏட்டில் ஏச்சாக வராது. எதிரியை வீழ்த்த நம்மிடம் கொள்கை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, நையாண்டிக்கும் குறைவில்லை. ஒரு நோயாளியின் தலையில் ஏறி நின்றுதான் அடிக்க வேண்டும் என்ற வறுமை நமக்கில்லை. அன்று பேசிய நண்பரிடமும் சொன்னோம். முதலில் முகம் கறுத்தார். பிறகு அந்தத் தோழரின் வீட்டு முகவரி கேட்டார், கொடுத்தோம்.

வருகிற செவ்வாய்க்கிழமை விடியற்காலை அந்தத் தகப்பனும் மகனும் மறுபடியும் பேருந்து ஏறுகிறார்கள். இம்முறை வட்டச் செயலாளர் உடன் போகிறார். பெரிய மருத்துவமனையில் எழுதித் தரும் மருந்துச் சீட்டின் நகலோடு, உள்ளூர் நிலையத்திலேயே அந்த மாத்திரை வேண்டும் என்ற மனுவை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிறார். மனுவில் கையெழுத்திட்டவர்கள் அங்காடியின் சுமைதூக்கும் தொழிலாளர்கள் அனைவரும். என்ன பதில் வந்தது என்பதை இதே பக்கத்தில் எழுதுவோம்.